ரோசெல்லினியின் ஃபெராரி: பழைய வண்டியை எந்த நாளுக்குத் திருப்புவது?

பழைய டிக்கி எழுதியது:

2014 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியில் ஒரு சாம்பல் நிற ஃபெராரி தலைமைப் பரிசு பெற்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1954-ஆம் ஆண்டின் '375 எம்.எம்.' மாடல். அந்தப் பரிசை ஃபெராரி வாங்கியது அதுவே முதல்முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வண்டி ஒன்று வென்றதும் 1968-க்குப் பிறகு அப்போதுதான். உரிமையாளர் ஜான் ஷர்லி, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். முதல் உரிமையாளர் அவரைவிடப் பிரபலம்: இத்தாலிய இயக்குநர் ராபர்த்தோ ரோசெல்லினி. நேரு காலத்தில் இந்தியாவுக்கு வந்து படம் எடுத்தாரே, அவரேதான்.

கரூரில் வெறும் சேஸிஸ் வந்து இறங்கி, பஸ்ஸாகி வெளியே போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்து இத்தாலிய முறையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. என்ஜினும் சேஸிஸும் ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மாரனெல்லோவில் தயாராகும். பாடி கட்டுவது வேறொரு பட்டறை. இந்த வண்டிக்கு முதலில் பாடி கட்டியது பினின்ஃபாரினா. கூரை இல்லாத பந்தய ஸ்பைடர். ரோசெல்லினி அதை எங்கோ மோதிச் சேதப்படுத்தினார். பிறகு மோதெனாவில் இருந்த செர்ஜியோ ஸ்காலியெத்தியிடம் அனுப்பினார். ஸ்காலியெத்தி பழைய உடலைச் சரிசெய்யவில்லை. கூரை மூடிய புதிய கூப்பே ஒன்றைக் கட்டினார். அதற்கு முன் அவர் கட்டியதெல்லாம் பெரும்பாலும் திறந்த பந்தய வண்டிகள்.

ஷர்லி 1995-இல் வாங்கியபோது அது கழற்றிப்போட்ட நிலையில் இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பட்டறை அதைச் சீரமைத்தது, இரண்டாவது உடலோடு. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்த ஸ்பைடர் உருவத்துக்கு அது திருப்பப்படவில்லை.

நண்பர் ஒருவர் இதை ஏற்க மறுக்கிறார். "சீரமைப்பு என்றால் பிறந்த நாளுக்குத் திரும்புவது. விபத்தில் அடிபட்டபின் போட்ட சட்டையை எப்படி அசல் என்கிறீர்கள்?" என்கிறார். எனக்கு அவர் சொல்வது தவறு என்றுதான் படுகிறது. இங்கே கைவேலை தெரிந்தவர்களும் ஏலச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களும் இருக்கிறீர்கள். என்ன நினைக்கிறீர்கள்?

---

நீலவானொலி எழுதியது:

அருமையான வண்டி. ரோசெல்லினி தன் மனைவி, நடிகை இங்க்ரிட் பெர்க்மனுக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்த அதே ஃபெராரிதானே? அந்த நிறத்துக்குக்கூட பெர்க்மன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

---

வெண்கலப்பூ எழுதியது:

இல்லை, நீலவானொலி. இணையத்தில் பாதிப்பேர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ரோசெல்லினியின் பெயரோடு இரண்டு 375 எம்.எம். வண்டிகள் உண்டு.

பெர்க்மனுக்காகச் செய்யச் சொன்னது பினின்ஃபாரினா கட்டிய கூப்பே. 1954 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பக்கவாட்டில் கதவைத் தாண்டி ஓடும் ஒரு குழிவு, பதுங்கும் முகப்பு விளக்குகள், பின்கண்ணாடியின் இருபுறமும் சாய்ந்து இறங்கும் தூண்கள். இவையெல்லாம் அதில்தான். 'கிரிஜியோ இங்க்ரிட்' என்ற சாம்பல் நிறமும் அதன் வழியாக வந்ததுதான். திருமணப் பரிசும் அல்ல. அவர்கள் திருமணம் 1950-இலேயே முடிந்துவிட்டது.

டிக்கி அண்ணன் சொல்வது ரோசெல்லினி தனக்காக ஓட்டிய வண்டி. குழப்பத்துக்கு ஃபெராரியும் கொஞ்சம் காரணம். 2004-இல் வந்த 612 மாடலுக்கு ஸ்காலியெத்தியின் பெயரை வைத்துவிட்டு, அதன் பக்கவாட்டுக் குழிவை மட்டும் பினின்ஃபாரினாவின் பெர்க்மன் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெயர் ஒருவருக்கு, வடிவம் இன்னொருவரிடமிருந்து.

---

தகரத்தச்சன் எழுதியது:

அலுமினியப் பாடி வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்காலியெத்தி போன்றவர்களின் பட்டறையில் அச்சு கிடையாது. தோல் பையில் மணலை நிரப்பி, அதன்மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துக் குழிவு வாங்குவது. பிறகு மேடுபள்ளத்தைச் சமன்செய்வது. அடிக்க அடிக்கத் தகடு இறுகிவிடும். அதற்குமேல் அடித்தால் கீறிக்கொள்ளும். எனவே சூடுகாட்டி இளக்க வேண்டும். அங்கேதான் சங்கடம். இரும்பு சிவந்து காட்டிக்கொடுக்கும்; அலுமினியம் காட்டாது. பார்க்க ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், அடுத்த நொடியில் ஓட்டை விழுந்து ஒழுகும். அதனால் தகட்டின்மேல் சோப்பைத் தேய்த்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து சுடரைக் காட்டுவோம். சோப்புக் கறுத்த உடனே சுடரை எடுத்துவிட வேண்டும். எந்தக் கருவியும் வேண்டாம், கண்தான் அளவுகோல்.

இப்படிக் கட்டிய வண்டியில் இடதும் வலதும் ஒன்றாக இருக்காது. இரண்டு பக்கத்தையும் இரண்டு ஆட்கள் அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். கதவு இடைவெளி ஒருபுறம் விரல் நுழையும், மறுபுறம் நகம்தான் நுழையும். சேஸிஸைவிட உடல் ஒரு பக்கம் சற்றுத் தள்ளியும் உட்கார்ந்திருக்கும்.

இப்போது சீரமைக்க வரும் உரிமையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. போரில் தப்பிவந்த பழைய வண்டி ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு கதவு இடைவெளியையும் அளவுகோல் வைத்துச் சமமாக்கச் சொன்னார். "செய்யலாம், ஆனால் அதன்பின் இதைக் கட்டியவனின் கை இதில் இருக்காது" என்றேன். வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

எனவே எந்த உடலுக்குத் திருப்புவது என்பதைவிட எனக்கு முக்கியமான கேள்வி வேறு: திருப்பிய பிறகு அந்த உடலில் கோணல் மிச்சமிருக்கிறதா? இருந்தால் அது ஸ்காலியெத்தியின் வண்டி. இல்லையென்றால் அதே வடிவத்தில் இருக்கும் புது வண்டி.

---

மழைக்காகம் எழுதியது:

தச்சரே, நீங்களே என் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். சீரமைப்பே வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு.

சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 2024-இல், அதே பெபிள் பீச்சில் தலைமைப் பரிசு எதற்குப் போனது? 1934-ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59. பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டு வைத்திருந்த வண்டி. பந்தயத்துக்காகப் பிறந்து, பின்னர் சாலையில் ஓட்டும்படி மாற்றப்பட்டு, கறுப்பு வண்ணமும் மஞ்சள் கோடும் பூசப்பட்டு அரசரிடம் போனது. அந்தக் கறுப்பு இன்று வெடித்து, உரிந்து, ஆங்காங்கே அடித்தகடு தெரிகிறது. யாரும் மறுபடி பூசவில்லை. சீரமைக்காமல் அப்படியே காத்த வண்டிகளுக்கான பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு வண்டி தலைமைப் பரிசை வென்றது அந்தக் கண்காட்சியில் அதுவே முதல்முறை.

நடுவர்களே மாறிவிட்டார்கள் என்றுதானே பொருள்? 2014-இல் பளபளப்புக்குக் கொடுத்தார்கள், 2024-இல் பழமைக்குக் கொடுத்தார்கள்.

---

பழைய டிக்கி எழுதியது:

அவ்வளவு எளிதாக ஒன்றை எதிர்த்து ஒன்றை நிறுத்த முடியாது, காகம். புகாட்டி முழுதாகக் கிடைத்த வண்டி. பியானோக் கம்பிபோல மெல்லிய ஆரங்கள் கொண்ட அந்தச் சக்கரங்கள் உட்பட எல்லாமே அதன் இடத்தில் இருந்தன. ரோசெல்லினியின் ஃபெராரி கழற்றிப்போட்ட நிலையில் கிடந்தது. கழற்றிப்போட்ட வண்டியை அப்படியே பாதுகாப்பது என்றால் என்ன செய்வீர்கள்? பெட்டிகளில் போட்டுக் காட்சிக்கு வைப்பீர்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் புகாட்டியும் பிறந்த நாள் நிலையில் இல்லை. பந்தய வண்டி அரசருக்காக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தைத்தான் இன்று பொக்கிஷமாகப் பாதுகாக்கிறோம். அங்கே மாற்றப்பட்டதை மதிக்கலாம் என்றால் ஸ்காலியெத்தியின் கூப்பேயை மட்டும் விபத்தில் போட்ட சட்டை என்று ஒதுக்குவது ஏன்?

---

மழைக்காகம் எழுதியது:

அந்த வாதத்தை உங்கள் நண்பரிடம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கூப்பேயை ஒதுக்கச் சொல்லவில்லை. மிஞ்சிய வண்ணம் இருந்திருந்தால் அதைச் சுரண்டாமல் விட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

---

சாவி எழுதியது:

நடுவில் நுழைகிறேன். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பி.எம்.டபிள்யூ. 507 இங்கே பேசப்பட வேண்டும். மேலே இருக்கும் எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது, அதைவிடக் கூடுதலாகவும் இருக்கிறது.

507 மொத்தமே சுமார் 250 வண்டிகள்தான். கோர்ட்ஸ் வடிவமைத்தது, அலுமினிய உடல், 3.2 லிட்டர் வி8 என்ஜின், 150 குதிரைத்திறன். எல்விஸ் அமெரிக்க இராணுவச் சேவைக்காக ஜெர்மனியில் இருந்தபோது, 1958 இறுதியில், வெள்ளை நிறத்தில் இருந்த வண்டியை எடுத்தார். அதற்கு முன் அதைப் பந்தய வீரர் ஹான்ஸ் ஷ்டுக் மலைப் பந்தயங்களில் ஓட்டியிருந்தார். ரசிகைகள் வெள்ளை வண்டியின்மேல் உதட்டுச் சாயத்தால் எழுதிவிட்டுப் போனதால், எல்விஸ் அதைச் சிவப்பாக்கிவிட்டார் என்பது நிறுவனமே சொல்லும் கதை. எழுத்தை அழிக்க முடியவில்லை, எழுத்து தெரியாதபடி செய்துவிட்டார்!

1960-இல் வண்டி அமெரிக்கா போனது. அங்கே வாங்கிய ஒருவர் அசல் என்ஜினைக் கழற்றி எறிந்து ஷெவர்லே வி8 போட்டார். கைமாறி கைமாறி, கடைசியில் கலிபோர்னியாவில் பூசணிக்காய் சேமிக்கும் கிடங்கு ஒன்றில் பல்லாண்டு தூங்கியது. பி.எம்.டபிள்யூ. கிளாசிக் பிரிவு அதை ஜெர்மனிக்குக் கொண்டுபோய், முதலில் கண்டெடுத்த கோலத்திலேயே மியூனிக் அருங்காட்சியகத்தில் வைத்தது. பிறகு இரண்டு ஆண்டு உழைத்து, 2016 ஆகஸ்டில் பெபிள் பீச்சில் காட்டியது. தூய வெள்ளை.

இப்போது எண்ணிப்பாருங்கள். அசல் என்ஜின் இல்லை. உதிரிப் பாகங்களை வைத்து வேறொன்று கட்டினார்கள். சன்னல் சுழற்றும் கைப்பிடி, கதவுக் கைப்பிடி போன்றவற்றை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். சிவப்பைச் சுரண்டிவிட்டார்கள். எது எல்விஸின் வண்டி? அவர் வாங்கிய வெள்ளையா, அவர் பூசச்சொன்ன சிவப்பா?

---

நீலவானொலி எழுதியது:

சிவப்புதான். சந்தேகமே இல்லை. வெள்ளை எந்த 507-க்கும் இருந்திருக்கலாம். சிவப்புக்குப் பின்னால்தான் எல்விஸின் கதை இருக்கிறது.

---

வெண்கலப்பூ எழுதியது:

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்.

பிரபலங்களின் வண்டி என்று பேசும்போது நாம் இரண்டு வகையை ஒரே கூடையில் போடுகிறோம். ஒரு வகையில் பிரபலம் வண்டியை வைத்திருந்தார், அவ்வளவுதான். பதிவுச் சான்றில் பெயர் இருக்கும், ஏலத்தில் விலை ஏறும், வண்டியில் எந்த மாற்றமும் இருக்காது. இன்னொரு வகையில் அவரால்தான் அந்த வண்டி அப்படியாயிற்று.

ரோசெல்லினி இரண்டாம் வகை. அவர் வேகப் பித்தர். 1953-இல் இத்தாலியின் மில்லே மில்லியா சாலைப் பந்தயத்தில் ஃபெராரி ஓட்டினார். பந்தய வழியில் ரோம் நகரச் சோதனை நிலையத்தில் பெர்க்மன் வந்து மன்றாடியதால் விலகினார். அப்படிப்பட்டவர் கையில் 4.5 லிட்டர் வி12, 340 குதிரைத்திறன், டிரம் பிரேக்! இடிக்காமல் இருந்திருந்தால்தான் செய்தி. அந்த மோதல் இல்லாவிட்டால் கூப்பே இல்லை. ஆகவே அதில் பிரபலத்தின் தடம் பெயர்ப்பலகையில் இல்லை, உடலில் இருக்கிறது. ஸ்பைடருக்குத் திருப்பினால் ரோசெல்லினியையே அந்த வண்டியிலிருந்து அழித்துவிடுவோம். இதே தொழிற்சாலையிலிருந்து வந்த மற்ற 375 எம்.எம். ஸ்பைடர்களில் அதுவும் ஒன்றாகிவிடும்.

எல்விஸின் சிவப்பும் அந்த வகைதான். அதைச் சுரண்டியது எனக்கு ஒப்பவில்லை.

---

இரட்டை கார்புரேட்டர் எழுதியது:

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள். சிவப்பு என்று சொல்வது எளிது. எந்தச் சிவப்பு? அமெரிக்கா போனபின் எத்தனை முறை மறுபூச்சு நடந்ததோ! வெள்ளைக்குத் தொழிற்சாலையின் வண்ணப் பெயர் இருக்கிறது. சிவப்புக்கு அப்படி ஓர் ஆதாரம் வேண்டுமே.

---

தகரத்தச்சன் எழுதியது:

ஆதாரம் வண்டியிலேயே இருக்கும், தம்பி. டாஷ்போர்டுக்கு அடியில், கதவுக் கீலுக்குப் பின்னால், சின்னம் பதித்த இடத்துக்குக் கீழே. இங்கெல்லாம் மறுபூச்சுக்காரன் சோம்பல்பட்டு விட்டுவிடுவான். அந்த இடத்தில் மெல்லிய உப்புத்தாளை வைத்து வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாக வெளியே வரும். வெளியில் கடைசிப் பூச்சு, அதற்குள் முந்தையது, அதற்குள் அதற்கும் முந்தையது, நடுவில் பிரைமர், அதற்கும் நடுவில் தகடு. வெள்ளைக்கு அடுத்த வளையம் எதுவோ அதுதான் எல்விஸின் சிவப்பு.

நிறம் கிடைத்தாலும் பளபளப்பு வேறு கதை. 1950-களில் பூசியது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லியது, வெயிலில் சுருங்கும், கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இப்போது இரண்டு கலவைப் பெயின்டை அடித்து, மேலே கண்ணாடிப் பூச்சும் பூசுகிறார்கள். ஈரமாக இருப்பதுபோல மின்னும். மோதெனாவில் 1955-இல் எந்த வண்டியும் அப்படி மின்னியிருக்காது. அடியில் பட்டி வேறு. தகட்டை அடித்து நேராக்கச் சோம்பல்பட்டு, விரல் கனத்துக்குப் பட்டி பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய "உலகத்தர" வேலைகளை நான் சுரண்டிப் பார்த்திருக்கிறேன்.

---

நீலவானொலி எழுதியது:

வண்ணம் என்றதும் அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் போர்ஷே 356 நினைவுக்கு வருகிறது. 1964-ஆம் ஆண்டின் வண்டி. 1968-இல் பழைய வண்டியாக வாங்கி, தன் குழுவில் இருந்த ஒருவரிடம் கொடுத்து முழுவதும் சித்திரம் தீட்டச் சொன்னார். பட்டாம்பூச்சி, மலை, கண், விண்மீன் என்று ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை. ஒருமுறை திருடிப்போனவன் அடையாளம் தெரியக்கூடாது என்று மேலே சாம்பல் வண்ணத்தை அடித்துவிட்டான். மீட்டபின் ஓவியரே அதை அகற்றிவிட்டாராம்.

ஜாப்ளின் 1970-இல் இறந்தபின் சித்திரம் உதிரத் தொடங்கியது. குடும்பத்தார் வண்டியை மீண்டும் ஒரே நிறத்துக்கு மாற்றினார்கள். பிறகு 1990-களில் மனம் மாறி, பழைய புகைப்படங்களைப் பார்த்து வேறு ஓவியர்களைக் கொண்டு திரும்பவும் வரையச் செய்தார்கள். கிளீவ்லாண்டில் இருக்கும் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகத்தில் நெடுநாள் நின்று, 2015 டிசம்பரில் ஏலத்தில் 17.6 லட்சம் டாலருக்குப் போனது.

மொத்தத் தொகையும் அந்தச் சித்திரத்துக்குத்தான். அந்தச் சித்திரமோ ஜாப்ளின் கண்ணால் பார்த்தது அல்ல.

---

மழைக்காகம் எழுதியது:

என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உதிர்ந்துகொண்டிருந்த சித்திரத்தை அப்படியே காத்திருந்தால், அரைகுறையாக இருந்தாலும் அவர் தொட்ட வண்ணம் மிஞ்சியிருக்கும்.

---

சாவி எழுதியது:

அன்று அவர்களுக்கு அது நினைவுச்சின்னமாகத் தெரிந்திருக்காது, காகம். வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்த பழைய போர்ஷே. நாம் எல்லாம் தெரிந்தபின் பேசுகிறோம்.

---

இரட்டை கார்புரேட்டர் எழுதியது:

டிக்கி அண்ணா, ஒரு சந்தேகம். ரோசெல்லினி வண்டியின் முதல் ஸ்பைடர் உடலை யாராவது பழைய படங்களைப் பார்த்துக் கட்டி, வேறொரு சேஸிஸில் ஏற்றி, "இதுதான் அசல்" என்று கிளம்பினால்?

---

பழைய டிக்கி எழுதியது:

பழைய ஃபெராரி உலகில் இந்த மாதிரி வழக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. நம் கூப்பே பரிசு வாங்கிய அதே 2014-இல், ஜூன் மாதம், இங்கிலாந்தின் குட்வுட்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஒரு 375 பிளஸ் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போனது. இதற்கு நெருங்கிய உறவு வண்டி. அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து திருடப்பட்டு பெல்ஜியம் போய்ச் சேர்ந்தது. சேஸிஸ் ஒரு கண்டத்திலும் சில பாகங்கள் இன்னொரு கண்டத்திலும் இருந்தன. யாருக்குச் சொந்தம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்த தகராறைத் தீர்த்து ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏலம் முடிந்தபின்னும் நீதிமன்றம் விடவில்லை.

பொதுவாக வழக்கம் என்னவென்றால், சேஸிஸ் எண் எங்கே அடிக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் வண்டி. உடல் மாறலாம், என்ஜினும் மாறலாம். ரோசெல்லினி வண்டிக்கு 0402 ஏ.எம். என்ற எண். அது கூப்பேயின் அடியில் இருக்கிறது. ஸ்பைடரை யார் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது நகல்தான்.

என் நண்பரிடம் இந்த இழையைக் காட்டினேன். வெண்கலப்பூ சொன்னதை மறுபடி படித்துவிட்டு, "கூப்பே சரி, ஆனால் பளபளப்பு அதிகம்" என்ற இடத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். அதற்குமேல் இறங்க மாட்டார். தச்சர் அவருக்குத் தெம்பு கொடுத்துவிட்டார்.

---

வெண்கலப்பூ எழுதியது:

ஷர்லிக்கு இது முதல் பரிசும் அல்ல. 2008-இல் அவருடைய ஆல்ஃபா ரோமியோ 8சி 2900பி இதே தலைமைப் பரிசை வாங்கியது. நடுவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அறிந்தவர். பளபளப்பைக் குறைத்திருந்தால் 2014-இல் பரிசு கிடைத்திருக்குமா என்று உங்கள் நண்பரைக் கேட்டுப்பாருங்கள்.

---

இரட்டை கார்புரேட்டர் எழுதியது:

இழைக்குத் தொடர்பில்லாத கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். தச்சர் ஐயா, அந்தச் சோப்பு எந்தச் சோப்பு? மாமாவின் பழைய வண்டியில் பானெட் அலுமினியம். மூலையில் ஒரு நசுங்கல் இருக்கிறது.

---

தகரத்தச்சன் எழுதியது:

துணி துவைக்கும் பார் சோப்பு போதும், தம்பி. வாசனைச் சோப்பு வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். ஆனால் முதலில் பெயின்ட் முழுவதையும் எடுத்துவிட்டுத் தகட்டைச் சுத்தமாக்குங்கள். பழைய பானெட்டில் என்ன கலவை என்று தெரியாமல் சுடர் காட்டக்கூடாது. சில கலவைகள் சூடு பட்டால் பலமிழந்துபோகும். சின்ன நசுங்கல் என்றால் சூடே தேவைப்படாது. வெளிப்புறம் மணல்பையைக் கொடுத்து, உட்புறத்திலிருந்து நசுங்கலின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி மெதுவாகத் தட்டி வாருங்கள். நடுவில் முதல் அடியை வைத்தால் தகடு நீண்டுவிடும், அப்புறம் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும். ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.